மதிலுக்கு வெளியே ஓர் அடிக்குரல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு டேப்பு சார் ஆலயத்தின் மதிலோரம் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கிறார். நாடா தானாக அவிழவில்லை. நன்றாகக் கட்டியிருந்ததை அவரே அவிழ்த்து, அவரே கட்டுகிறார். இடது கால் முடிந்ததும் வலது கால். வலது முடிந்ததும் இடதில் ஏதோ குறை தென்பட்டு, மறுபடி இடது. உள்ளே முதல் பாட்டுக்கு ஐந்து சரணம். ஐந்தாவது சரணம் முடிந்து 'ஆமென்' இழுபடும்போது நிமிர்ந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, வந்த வழியே போய்விடுகிறார்.

பதினோரு வருஷமாக இது நடக்கிறது. பதினோரு வருஷத்தில் ஒரு மனிதருக்கு நாடா கட்ட வராமலா போகும்? ஆகவே தெருவில் ஒரு வதந்தி உண்டு. டேப்பு சார் நகராட்சியில் வரி மதிப்பீட்டுப் பிரிவில் இருப்பவர். கட்டடங்களை டேப்பால் அளந்து, இத்தனை சதுர அடி, இன்ன பயன்பாடு, இவ்வளவு வரி என்று எழுதுகிறவர். வழிபாட்டு இடங்களுக்கு வரி கிடையாது; அந்தக் 'கிடையாது' நியாயமானதுதானா என்று அறை அறையாகப் பார்ப்பதும் அவர் வேலை. எனவே அவர் நாடா கட்டுகிற சாக்கில் உள்ளே போகிறவர்களின் தலையை எண்ணுகிறார், தலைக்கு இவ்வளவு காணிக்கை என்று பெருக்கி மேலிடத்துக்கு அனுப்புகிறார், சீக்கிரமே சர்ச்சுக்கும் வரி விழப்போகிறது என்பதுதான் வதந்தி. கிளம்பிய இடம், ஆலயத்துக்கு எதிரே இருக்கும் சலூன்.

"பின்ன என்ன? வேலைவெட்டி இல்லாம ஒருத்தன் ஞாயித்துக்கிழமை குனிவானா?" என்கிறார் சலூன்காரர், கத்தரியை நிறுத்தாமல். "என் கண்ணாடியில எல்லாம் தெரியும். உதடு அசையுது பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்றாரு."

சரிபார்க்க ஒரே வழிதான் உண்டு. பக்கத்தில் போய் நாமும் குனிய வேண்டும். குனிந்து பார்த்தால், டேப்பு சாரின் கண் மூடியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தலை எண்ணுகிற கலையை நகராட்சி இன்னும் யாருக்கும் கற்றுத்தரவில்லை. உதடு அசைவது உண்மை. காதைக் கொடுத்தால் தூரத்தில் எங்கோ லாரி ஒன்று ஏற்றத்தில் திணறுவது போல மிகத் தாழ்வாக ஒரு சத்தம் கேட்கிறது. லாரி இல்லை. அவர் பாடுகிறார். உள்ளே பாடகர் குழு பாடும் அதே பாட்டின் பேஸ் குரலை, தாழ்ந்த கடைசி ஸ்வரம்வரை, ஓர் இடமும் விடாமல்.

அந்தப் பாடகர் குழுவில் இருபத்திரண்டு வருஷம் பாடியவர் அவர். பின்வரிசை, இடக்கோடி. இந்த வட்டத்துக்கு மதிப்பீட்டாளராக மாற்றல் வந்தபோது கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'என் பொறுப்பிலுள்ள எந்த வரிவிலக்குக் கட்டடத்திலும் எனக்கு உறுப்பினர் நிலையோ பங்கேற்போ இல்லை' என்று வருஷா வருஷம் உறுதி எழுதித் தர வேண்டும். மற்ற மதிப்பீட்டாளர்கள் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். இவர் படித்துவிட்டார். படித்ததுதான் வினை. அந்த வாரமே சபைப் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு, குழுவின் பாட்டுப் புத்தகத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். 'என் மனைவி உறுப்பினர், ஆல்ட்டோ' என்று, குழுவில் அவர் பாடுகிற பெண்களின் தாழ்குரலின் பெயரையும் சேர்த்து, படிவத்தின் ஓரத்தில் ஒவ்வொரு வருஷமும் எழுதுகிறார். "மனைவியெல்லாம் கணக்குல வராதுய்யா" என்று மேலதிகாரி ஒவ்வொரு வருஷமும் அதை அடித்துவிடுகிறார்.

வேறு வட்டத்தில் வேறு ஆலயமே இல்லையா என்று கேட்டவர்கள் உண்டு.

"இருக்கு. போய்ப் பாத்தேன். எல்லா இடத்துலயும் டிரம்ஸ். டிரம்ஸ் பக்கத்துல நின்னு பேஸ் பாடுறது, கல்யாண வீட்டு பேண்டுக்கு நடுவுல ரகசியம் சொல்ற மாதிரி."

வீட்டில் பாடலாம். பாடுகிறார். காலையில் மனைவி அடுப்படியில் நின்று ஆல்ட்டோவை முணுமுணுப்பார்; இவர் சவரம் செய்துகொண்டே பேஸைப் போடுவார். ஆல்ட்டோவும் பேஸும் பாட்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்கிற குரல்கள். ராகம் என்று ஜனங்கள் அடையாளம் காண்கிற சங்கதி பெண்களின் உச்சக்குரலான சோப்ரானோவிடம்தான் இருக்கிறது. அது இந்த வீட்டில் இல்லை. ஆக, சுவர் இல்லாத வீட்டுக்குத் தூணும் உத்தரமும் மட்டும் நிற்பது போல ஒரு பாட்டு தினமும் அங்கே எழும்பி நிற்கும். மாடிவீட்டு அம்மா ஒருநாள் இறங்கி வந்து, "ரெண்டு பேருக்கும் உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அவர் அளக்கும் முறையும் தனி. அறைக்குள் போனதும் டேப்பை எடுக்க மாட்டார். ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, பத்து நிமிஷம் சும்மா உட்காருவார். "ரூமு வாயைத் தொறக்கட்டும்" என்பார். ஒரு ஜெபக்கூடத்தில் 'தியான அறை' என்று பலகை மாட்டிப் புது மெத்தை போட்டிருந்தார்கள். பத்தாவது நிமிஷம் அந்த அறை அச்சு மை வாசனை விட்டது. திரைக்குப் பின்னே அழைப்பிதழ் அடிக்கும் அச்சகம், நாலு ஆள், முழுநேர வேலை. வரி போட்டார். இன்னோர் இடத்தில் தகரக் கொட்டகை, ஒரு காகிதமும் கிடையாது, பொறுப்பாளருக்கு எழுதப் படிக்க வராது. தரையில் இரண்டு இரண்டாக வழுவழுவென்று குழி. முழங்கால் தேய்த்த குழி. "இதுக்கு மேல என்ன சர்ட்டிபிகேட்டு?" என்று விலக்கு எழுதினார்.

முடி வெட்டிக்கொள்வதும், அதோடு சேர்த்து ஒரு சவரமும் மட்டும் அந்த எதிரிச் சலூனில்தான். சலூன்காரர் வரிப் பிரச்சினையை எடுப்பது எப்போதும் சவரக் கத்தி தொண்டைக்குழியைத் தொடும் நேரத்தில்.

"சார், ஒரு நியாயம் கேக்கறேன். என் கடை எத்தனை அடி?"

"தொண்ணூத்தாறு" என்றார் டேப்பு சார், தாடை அசையாமல்.

"நீங்களே அளந்தது. தொண்ணூத்தாறு அடிக்கு வருஷா வருஷம் அழறேன். எதிர்ல ஆறாயிரம் அடி. சைபர்! ரோடு ரெண்டு பேருக்கும் ஒரே ரோடு. விளக்கு ஒரே விளக்கு. அவங்க குப்பையையும் என் காசுலதான் லாரி அள்ளுது. சாமிக்கு வரி வேணாம், ஒத்துக்கறேன். சாமிகிட்ட போய் யாரு பில்லை நீட்டறது? ஆனா சாமி ரூமை வாடகைக்கு விட்டா? பக்கத்து ஹால்ல காலையில தையல் கிளாஸ் நடக்குதே, அது யாருக்குப் போகுது?"

பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்தவர் செய்தித்தாளை இறக்கினார். அந்த ஆலயத்தின் போதகர்.

"கூரைக்குப் போகுது, தம்பி. ஒழுகுது."

"என் கூரையும்தான் ஒழுகுது, ஐயா."

"ஆலயம் லாபம் பார்க்கிற இடம் இல்லப்பா. ஜனங்க பாரத்தை இறக்கி வைக்கிற இடம்."

"என்கிட்டயும்தான் இறக்கி வைக்கறாங்க. வாரம் ரெண்டு கூடை அள்ளிக் கொட்டறேன்."

"மனுஷன் சாகப் போறப்ப உன்கிட்டயா வர்றான்?"

"அதுக்கு முந்தின நாள் வரைக்கும் என்கிட்டதானே வர்றான்?"

இருவரும் தீர்ப்புக்காக டேப்பு சாரைப் பார்த்தார்கள். கத்தி இன்னும் தொண்டையில் இருந்தது. "நான் அளக்கறவன்" என்றார். "ஏன் எதுக்குன்னு கேக்கறதுக்கு ஓட்டுப்பெட்டி வெச்சிருக்காங்க."

வீட்டில் மனைவியிடம் மட்டும் ஒருமுறை மனசைத் திறந்திருக்கிறார். "அந்த ஆளு சொல்றதும் சரி, போதகர் சொல்றதும் சரி. வரி போடலாம், போடாமலும் இருக்கலாம். அதை ஊரு கூடி முடிவு பண்ணட்டும். ஆனா இந்த ஊர்ல ஒவ்வொரு அடியும் ராத்திரி பகலா சம்பாதிச்சுக்கிட்டு இருக்கு. சம்பாதிக்காம சும்மா நிக்கறதுக்கு எங்கயாவது நாலு அடி வேணாமா? அதுக்குத்தான் விலக்கு. பொய் சொல்லி அதை வாங்கினா, வரி தெரியாம வாயை மட்டும் அசைக்கறவன் மாதிரி. பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரிஞ்சிடும்."

"பாட்டு வரியா, வீட்டு வரியா?" என்று கேட்டுவிட்டு மனைவி துணி உலர்த்தப் போய்விட்டார்.

இந்த வருஷம் ஓர் உத்தரவு வந்தது. விலக்குப் பெற்ற கட்டடங்கள் எல்லாவற்றையும் அறை அறையாக மறுபடி பார்க்க வேண்டும். ஆலயத்தின் பெரிய கூடத்துக்கு ஆபத்தில்லை. பக்கவாட்டு ஹால்தான் சிக்கல். அறுநூற்றுப் பன்னிரண்டு சதுர அடி. காலையில் தையல் வகுப்பு, வாடகைக்கு. புதனும் சனியும் மாலையில் பாடகர் குழுவின் பயிற்சி. விதி இப்படி: வாரத்தில் இரண்டு நாளாவது வழிபாட்டுக்கோ அதற்கான ஆயத்தத்துக்கோ பயன்பட்டால் விலக்கு தொடரும். வாடகைக்கு மட்டும் என்றால் முழு வரி.

வரி விழுந்தால் ஹாலை நாள் முழுக்க ஜிம்முக்கு விட்டுவிடுவது என்று சபைக் கமிட்டி தீர்மானம் போட்டு வைத்திருந்தது. ஜிம்காரர் வந்து, கண்ணாடி எங்கே மாட்டலாம் என்று சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டும் போய்விட்டார். பெரிய கூடத்திலேயே பழகலாமே என்றால், அங்கே எதிரொலி சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு தப்பு எங்கே என்று பிடிப்பதற்குள் அடுத்த தப்பு வந்து சேர்ந்துவிடும். குழுவில் பதினெட்டுப் பேர். பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பேருக்குப் பேரப்பிள்ளைகள். ஒருமுறை கலைந்தால் கலைந்ததுதான்.

டேப்பு சார் ஓய்வுபெறப் பதினான்கு மாதம் இருந்தது. ஓய்வுபெற்றவர் உறுதிமொழிப் படிவம் எழுத வேண்டியதில்லை. பின்வரிசை இடக்கோடியில் இன்னும் யாரையும் நிறுத்தவில்லை என்று மனைவி சொல்லியிருந்தார். பதினான்கு மாதத்தை அவர் நாள்காட்டியில் கிழிக்கவில்லை. ஞாயிறு ஞாயிறாக நாடாவில் கட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

மதிப்பீட்டாளர் வருகிற நாளையும் நேரத்தையும் அவரே குறிக்கலாம். தன் பணிக்காலத்தின் ஒரே கபடத்தை அங்கே செய்தார். அறிவிப்பில் 'புதன்கிழமை மாலை ஆறு மணி' என்று எழுதினார். கண்ணால் பார்த்ததை எழுதுவதுதான் அவர் வேலை. பார்க்கப் போகும் நேரத்தில் பாட்டு நடந்தால் பாட்டு என்று எழுதலாம். பதினோரு வருஷத்துக்குப் பிறகு, அலுவல் நிமித்தம், விதிப்படி, ஒரு நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார்ந்து உள்ளேயிருந்து கேட்கலாம். மனைவியிடம் மூச்சுவிடவில்லை. புரியாமலா போகும் என்று நினைத்தார். புதன்கிழமை ஆபீசுக்குப் போகும்போதே தேய்த்த சட்டை.

புரிந்துகொள்ள வேண்டியவர் சபைச் செயலாளர். அவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். எந்த விஷயத்திலும் முதலில் விபத்தைப் பார்ப்பது தொழில்.

சரியாக ஆறுக்கு டேப்பு சார் வளாகத்துக்குள் நுழைந்தபோது, பதினெட்டுப் பேரும் மரத்தடியில் நின்றிருந்தார்கள். பல் பிடுங்கப் போகிறவர்கள் போல வாயை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவியும் அங்கே நின்றிருந்தார். கணவரைப் பார்த்தார், காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தார்.

ஹால் கூட்டிப் பெருக்கி, துடைத்து வைத்தது போல வெறிச்சென்று இருந்தது.

"வாங்க சார், வாங்க. காபி சொல்லட்டுமா?" செயலாளரின் நெற்றியில் வியர்வை.

டேப்பு சார் ஒரு நாற்காலி கேட்டார். அடுக்கி வைத்ததிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார்கள். உட்கார்ந்தார். அறை வாயைத் திறக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தரையில் நாற்காலிக் கால்கள் அரைவட்டமாகக் கீறிய தடம், மூன்று வரிசை. கீபோர்டு ஸ்டாண்டின் நாலு புள்ளி. ஜன்னல் விளிம்பில் பென்சில் துண்டு, தொண்டை மிட்டாயின் காகிதம். பின்சுவரின் இடக்கோடியில், ஓர் ஆள் உயரத்தில், தலை சாய்த்துச் சாய்த்துப் படிந்த பழைய எண்ணெய்க் கறை. அந்த உயரம் யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் படிவத்தில் இரண்டே கட்டம். ஒன்று, 'கண்ணால் கண்ட பயன்பாடு'. மற்றது, 'உரிமையாளர் தரப்பின் வாய்மொழி'. இரண்டும் ஒத்துப்போனால் அதற்குமேல் அறையின் பேச்சு எடுபடாது.

"இங்க என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்கலை சார். சும்மா வெறும் ரூமு."

"காலையில?"

"தையல் கிளாஸ் சார். ரசீது போட்டுத்தான் வாங்கறோம். மறைக்கலை."

"சரி. சாயங்காலத்துல?"

"பூட்டிடுவோம் சார்."

டேப்பு சார் பேனாவை மூடினார். மூடியதைத் திறந்தார். "நல்லா யோசிச்சு சொல்லுங்க. புதன்கிழமை. ஆறு மணி. வழக்கமா?"

"வழக்கமா ஒண்ணுமே கிடையாது சார். சத்தியமா!"

ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை சட்டென்று திரும்பியது. மனைவிதான். வாய் திறந்தது. பக்கத்தில் நின்ற குழுத் தலைவர் கையைப் பிடித்தார். வாய் மூடிக்கொண்டது.

அவர் எழுதினார். வாய்மொழியைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது விதி. 'ஒண்ணும் நடக்கலை சார். சும்மா வெறும் ரூமு.' கீழே செயலாளர் கையெழுத்துப் போட்டார், தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் சற்றுப் பெரியதாகவே. பிறகு டேப்பின் ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார். அறுநூற்றுப் பன்னிரண்டு. பதினோரு வருஷத்தில் ஓர் அங்குலம் கூடவில்லை, குறையவில்லை.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது."

வீட்டுக்கு இருவரும் தனித்தனியே வந்து சேர்ந்தார்கள். காலணியைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தார். "ஏன் பாடலை?"

"ஏன் பாடணும்? புதன்கிழமை ஆறு மணின்னு பாத்ததும் செயலாளருக்குப் பேதியே ஆயிடுச்சு. 'பிராக்டிஸ் நேரம் பாத்து மடக்க வர்றாரு, குழுத் தலைவருக்கு மாசாமாசம் பெட்ரோலுக்கு நாம காசு போட்டுக் குடுக்கறோம்ல, பாட்டு கிளாஸ்னு எழுதி கமர்ஷியல் ரேட்டு போட்டுருவாரு, வெறும் ரூமுன்னா விட்டுருவாரு'ன்னாரு. ரெண்டு நாள் விதி எங்கள்ல யாருக்குத் தெரியும்? கீபோர்டைத் தூக்கி பாத்ரூம்ல வெச்சு மேல போர்வையைப் போத்திட்டாங்க."

"நீ சொல்லியிருக்கலாமே, அப்படிப்பட்ட ஆளு இல்லைன்னு!"

"சொன்னேன். 'அக்கா, வீடு வேற ஆபீஸ் வேற'ன்னாங்க."

"ஜன்னல்கிட்ட வாயைத் தொறந்தியே, அப்பவாவது..."

மனைவி நிதானமாகப் பையை ஆணியில் மாட்டினார். "ஆபீஸ் விஷயத்துல நீ வாயே தொறக்கக் கூடாதுன்னு பதினோரு வருஷமா படிச்சுப் படிச்சுச் சொன்னது யாரு? பாடக் கூடாதுன்னு நாங்க பயந்தோம். பாடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல நீங்க பயந்தீங்க. ரெண்டு பேரும் சேந்து ரூமைக் காலி பண்ணியாச்சு. போய்க் கை கால் கழுவுங்க."

ஒன்பதாம் நாள் வரி அறிவிப்பு போய்ச் சேர்ந்தது. வதந்தி உண்மையாகிவிட்டதில் சலூன்காரருக்கு ஒரு பகல் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் டேப்பு சாரை வழியில் நிறுத்தினார்.

"அவங்க கட்டினா எனக்குக் குறையுமா சார்?"

"குறையாது."

"கொஞ்சம்கூடவா?"

"அப்படி ஒரு விதி இல்ல."

சலூன்காரர் எதிரே இருந்த ஹாலைப் பார்த்தார். "ஜிம்முன்னா நாள் பூரா டங்கு டங்குன்னு பாட்டு வைப்பானே சார்" என்றார். "புதன்கிழமைன்னா நான் கொஞ்சம் மெதுவா வெட்டுவேன். கஸ்டமருங்களும் தூங்குவாங்க."

வீட்டு அடுப்படியில் ஆல்ட்டோ நின்றுபோயிருந்தது. சண்டை இல்லை. காபி வந்தது, சாப்பாடு வந்தது, துணி மடித்து வந்தது. முணுமுணுப்பு மட்டும் வரவில்லை. கண்ணாடி முன்னால் பேஸ் ஒரு சரணம் தனியாகப் போய்ப் பார்த்தது; பதில் இல்லாததால் பாதியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டது. மாடிவீட்டு அம்மாகூட எட்டிப் பார்த்து, "உடம்பு தேவலையாயிடுச்சு போலிருக்கே" என்றார்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ மனைவி கேட்டார்: "இதுக்கு மனு கினு எதுவும் போட முடியாதா?"

"அதை நான் வீட்ல சொல்லக் கூடாது. கவுன்ட்டர்ல வந்து கேட்டா சொல்லலாம்."

"யாரு கேட்டாலுமா?"

"உறுப்பினர் யாரு கேட்டாலும்."

வியாழக்கிழமை பதினொன்றரை மணி. டோக்கன் முப்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமைச் சேலையில் மனைவி கவுன்ட்டருக்கு முன்னால் வந்து நின்றார். டேப்பு சார் நிமிர்ந்தார். பேனாவை நேராக வைத்தார்.

"சொல்லுங்கம்மா."

"மறுபார்வைக்கு மனு போடணும் சார்."

"நீங்க யாரு?"

"சபை உறுப்பினர். ஆல்ட்டோ."

"ஆல்ட்டோ எழுதக் கட்டம் இல்லைம்மா. முகவரி?"

மனைவி கதவு எண்ணைச் சொன்னார். பக்கத்து நாற்காலி குமாஸ்தாவுக்குத் தாங்கவில்லை. "சார், அது உங்க வீடு!"

"தெரியும். கேக்கணும். கணவர் என்ன வேலை?"

"அளக்கிறது."

"விவரமா சொல்லுங்கம்மா."

"அளக்கிறதோட சரி."

குமாஸ்தா இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். டேப்பு சார் 'அரசுப் பணி' என்று எழுதினார்.

"மனுவுக்குக் காரணம்? நீங்க சொல்றபடியேதான் எழுதுவேன்."

மனைவி கவுன்ட்டர் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நாங்க பாடலை. பயந்துட்டோம். புதனும் சனியும் அங்க பாடறது உண்மை. முப்பத்துமூணு வருஷமா பாடறோம். அதுல முதல் இருபத்திரண்டு வருஷம் பின்வரிசையில இடக்கோடியில ஒருத்தர் நின்னாரு. இப்ப அந்த இடம் காலியா இருக்கு. ஆள் போட்டா நான் குழுவுல இருக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

பேனா 'காலியா' வரை வந்து நின்றுகொண்டது. பிறகு மெதுவாக முடித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கட்டணம் நாற்பது ரூபாய்ம்மா."

மனைவி கைப்பையைத் திறந்து எண்ணி வைத்தார். இவர் எண்ணிப் பார்த்தார். வலது கையைக் கட்டையின் மேல் நீட்டினார்.

"மூணு குறையுதும்மா."

"அவ்வளவுதான் இருக்கு சார்."

"அஞ்சுக்குள்ள குறைஞ்சா நிலுவைன்னு போட்டு மனுவை எடுத்துக்கலாம். மறுபார்வை அன்னைக்குக் கட்டாயம் கட்டணும்."

"கட்டறேன். எப்ப வருவீங்க?"

இடது கையால் நாள்காட்டியைப் புரட்டினார். புரட்ட அவசியம் இல்லாதது போலத்தான் தெரிந்தது. அதே இடது கையால் 'நிலுவை: மூன்று' என்று சிவப்பில் கோணலாக எழுதிவிட்டு, கீழே நாளையும் நேரத்தையும் எழுதி, காகிதத்தை மனைவி பக்கம் திருப்பி வைத்தார். புதன்கிழமை. மாலை ஆறு மணி.

"படிச்சுக்கோங்கம்மா. நல்லா படிச்சுக்கோங்க. எல்லாருக்கும் சொல்லிடுங்க."

மனைவி படித்தார். ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தார். ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்து, சிப்பை இழுத்து மூடினார்.

"அந்த மூணை ஹால்லயே வந்து வாங்கிக்கோங்க சார். ஆனா அஞ்சு சரணமும் முடிஞ்சப்புறம்தான் தருவேன். நடுவுல கேட்டா கிடைக்காது."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். தெருவுக்குப் போகும் கடைசிப் படியில், யாருக்கும் கேட்காது என்ற நினைப்பில், ஆல்ட்டோவில் ஏதோ ஒன்று தொடங்கியது.

டேப்பு சார் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றுக்காக நீட்டிய உள்ளங்கை கட்டையின் மேல் விரிந்தபடியே இருந்தது. டோக்கன் முப்பத்திரண்டுக்காரர் கவுன்ட்டருக்கு வந்தார். அந்தக் கையைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கித் தன் சட்டைப் பையில் கையை விட்டார்.